ஆரத்திசைப் புலம் என்றாலே நிலைமின்புலம் ஆகிவிடாது

"புலத்துக்கு ஆரக்கூறு மட்டும் இருந்தால் அது எப்போதும் நிலைமின்புலம்தான், கோணத்தைச் சார்ந்திருந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு (ஆரக்கூறு என்பது மையத்திலிருந்து நேராக வெளியே நோக்கும் கூறு; நிலைமின்புலம் என்பது அசையாத மின்னூட்டங்களின் மின்புலம்). தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

கோள ஆயங்களில் ஆர் (r) மையத்திலிருந்து உள்ள தூரம், தீட்டா (θ) துருவ அச்சிலிருந்து அளக்கும் கோணம், ஃபை (φ) அந்த அச்சைச் சுற்றிய கோணம். காஸ் தீட்டாவை (cos θ) ஆரின் வர்க்கத்தால் வகுத்து வரும் ஆரக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டு கூறுகளும் சுழி. துருவ அச்சில் ஆரம் 1-இலிருந்து 2 வரை வெளியே போங்கள், வேலை அரை அலகு. அங்கிருந்து வில் வழியாகத் தீட்டா 90 பாகைக்கு வந்தால் புலம் பாதைக்குச் செங்குத்து, வேலை இல்லை; திரும்ப உள்ளே வரும்போது காஸ் 90 சுழி, கடைசி வில்லிலும் ஒன்றுமில்லை. நிலைமின்புலமானால் மூடிய பாதையில் மொத்த வேலை சுழியாக வேண்டும்; இங்கே சுற்றி வந்தும் அரை அலகு மிஞ்சுகிறது, அப்புறம் எப்படி இதற்கு மின்னழுத்தம் வரையறுப்பது?

நிலைமின்புலத்துக்குக் கர்ல் (curl, புலம் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழலும் அளவு) சுழியாக வேண்டும்; அதற்கு, ஆரையும் தீட்டாக்கூறையும் பெருக்கி ஆரைப் பொறுத்து வகையிட்டது, ஆரக்கூறைத் தீட்டாவைப் பொறுத்து வகையிட்டதற்குச் சமமாக வேண்டும் (அந்தப் பெருக்கும் ஆரைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விட்டால் பரிமாணமே பொருந்தாது). ஃபையைப் பொறுத்தும் இதே போன்ற நிபந்தனை உண்டு. ஆக, ஆரக்கூறு மட்டுமே இருந்தால் அது கோணங்களைச் சார்ந்திருக்கவே முடியாது.

காந்தப்புலத்துக்கு நிபந்தனை வேறு, டைவர்ஜென்ஸ் (divergence, ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே விரியும் அளவு) சுழியாக வேண்டும். மேலே சொன்ன அதே புலம் மையப்புள்ளிக்கு வெளியே அதை நிறைவு செய்கிறது, மையத்தைச் சுற்றிய கோளத்தின் வழியே மொத்தப் பாயமும் (flux) சுழி. ஆனால் கர்ல் சுழியில்லை என்பதால் ஃபை திசையில் மின்னோட்ட அடர்த்தி இருந்தாக வேண்டும்.