சோப்பு கேட்ட எமிலி

"உதவி செய்ய வந்தவர்கள் உதவியைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அரசியல் எதற்குப் பேசுகிறார்கள்?" எந்த ஊரில் போர் நடந்தாலும் நம்மில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். எனக்கு உடனே எமிலி ஹாப்ஹவுஸ் நினைவுக்கு வருவார். போர்வையும் துணியும் கொண்டுபோனவரை, "இவர்களுக்குப் போர்வை ஏன் இல்லாமல் போனது?" என்று கேட்ட நாளிலிருந்து சொந்த நாடே துரோகி என்றது.

1860-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த பாதிரியார் மகள். தாய் இறந்தபின் நோயாளித் தந்தையைப் பார்த்துக்கொண்டே இளமை போயிற்று. 1895-ல் அவர் இறந்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். அமெரிக்காவில் ஒரு நிச்சயதார்த்தம், அது முறிந்தது. மெக்சிகோவில் போட்ட பணமும் போனது. நாற்பதை நெருங்கும் வயதில் லண்டனுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்த இந்தப் பெண்மணியிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். போயர்கள் என்றால் அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி விவசாயிகள்; அவர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் சண்டை. நமக்கெல்லாம் காந்தி பிரிட்டிஷ் தரப்பில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய யுத்தமாகத்தான் அது தெரியும். 1900 வாக்கில் போயர்கள் கொரில்லாப் போருக்கு மாற, பிரிட்டிஷ் படை அவர்களுடைய பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்தது. எமிலி ஒரு நிவாரண நிதியைத் தொடங்கி, டிசம்பரில் கப்பலேறினார். பெரிய இடத்து உறவு இருந்ததால்தான் ஆளுநர் மில்னரைப் பார்க்க முடிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியும் தளபதி கிச்சனர் புளூம்ஃபான்டீன் நகரத்து முகாம் வரைதான் போகலாம் என்றார். ஒரேயொரு சரக்கு ரயில் பெட்டி நிறையத் துணியும் உணவும் ஏற்றிக்கொண்டு 1901 ஜனவரியில் அங்கே போய் இறங்கினார்.

மரமே இல்லாத வெட்டவெளியில் துணிக் கூடாரங்கள். வெயில், ஈ, ஒரு கூடாரத்துக்குள் பல குடும்பத்து ஆட்கள். எமிலி முதலில் கவனித்தது சோப்பை. ரேஷனில் சோப்பே கிடையாது. கேட்டதற்கு, அது ஆடம்பரப் பொருள் என்று பதில் வந்தது. சரி, தண்ணீரையாவது காய்ச்சிக் குடிக்கலாமே என்றால், சமைக்கக் கொடுக்கும் விறகே போதவில்லை. டைஃபாய்டு பரவும் இடத்தில் மோடர் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுவந்த துணியைப் பங்கிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று அவர் போகவில்லை. சோப்பு, விறகு, கொதிகலன், படுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகளிடம் போய் நின்றார். கூடாரம் கூடாரமாக உட்கார்ந்து, யார் வீடு எப்போது எரிந்தது, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் மிச்சம் என்று எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய தொண்டு அந்த எழுத்துதான். பிடிக்காமல் போனதும் அதுதான்.

அங்கே ரேஷனிலும் இரண்டு தரம் இருந்தது. கணவன் சரணடையாமல் இன்னும் போரில் இருக்கிறானா, அந்தக் குடும்பத்துக்குக் குறைவாக. அப்பன் துப்பாக்கி தூக்கியதற்குப் பிள்ளை வயிற்றில் கை வைத்தார்கள். லிஸ்ஸி வான் சைல் என்ற ஏழு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட குடும்பம். எலும்பும் தோலுமாகக் கிடந்து மே மாதம் இறந்துபோனாள். அவளுடைய புகைப்படத்தைக் காட்டி, "பெற்றவளே பட்டினி போட்டாள்" என்று போரை ஆதரித்தவர்கள் பிரசாரம் செய்தார்கள். அந்தக் குழந்தையை நேரில் பார்த்திருந்த எமிலி அதை விடாமல் மறுத்தார்.

ஜூனில் அவருடைய அறிக்கை லண்டனில் வெளியானது. பத்திரிகைகள் பாய்ந்தன. அரசு வேறு வழியில்லாமல் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் குழு ஒன்றை அனுப்பியது. அதில் எமிலிக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குழுவும் நேரில் பார்த்துவிட்டு ஏறக்குறைய அவர் கேட்டதையே கேட்டது. அக்டோபரில் மறுபடி கேப்டவுன் போன எமிலியைக் கரையிறங்கவே விடவில்லை. வேறு கப்பலுக்கு மாறச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். கடைசியில் சிப்பாய்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். போர் முடிவதற்குள் அந்த முகாம்களில் சுமார் 28,000 போயர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் 22,000 பேருக்குமேல் குழந்தைகள்.

அவரைப் புனிதராக்கி மாலை போட நான் இதை எழுதவில்லை. கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கேயும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவற்றின் நிலைமையும் மோசம் என்று அறிக்கையில் சில வரிகள் எழுதினாரே தவிர, எமிலி அங்கே போய்ப் பார்க்கவில்லை. நேரமும் அனுமதியும் குறைவு என்பதெல்லாம் உண்மைதான், ஆனாலும் பெரிய குறை. அந்த மரணங்களைச் சரியாக எண்ணக்கூட ஆள் இல்லாமல் போனதைப் பார்க்கும்போது, ஒருவர் போய் உட்கார்ந்து எழுதியதன் அருமை இன்னும் புரிகிறது.

போருக்குப் பிறகு போயர் பெண்களுக்கு நூற்பு, நெசவுப் பள்ளிகள் நடத்தினார். 1913-ல் முகாம்களில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தைத் திறந்து வைக்க அழைத்தார்கள். வழியிலேயே உடம்பு முடியாமல் நின்றுவிட, அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார். சுதந்திரம் எல்லோருக்கும் சொந்தம், உங்களுக்கு மட்டுமல்ல என்பது அதன் சாரம். அதே சமயம் அங்கே இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து நம் தமிழ்த் தொழிலாளர்கள் சிறையில் இருந்தார்கள். காந்தி எமிலியின் உதவியைக் கேட்டார். எமிலி அப்போது தென்னாப்பிரிக்க அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கடிதம் எழுதி, சமரசத்துக்கு வரச் சொன்னார். 1914-ல் வரி நீங்கியதற்கு முழுக் காரணம் சிறை சென்றவர்கள்தான், தில்லையாடி வள்ளியம்மை உயிரையே கொடுத்தாள். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டிய ஆள் என்று எமிலிக்கும் ஓரிடம் உண்டு.

முதல் உலகப் போர் முடிந்ததும் லைப்சிக் நகரில் பசியோடு இருந்த ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார். மறுபடியும் எதிரி நாட்டுக் குழந்தைகள். அதற்குப் பணம் அனுப்பியவர்களில் பழைய போயர்களும் இருந்தார்கள். முகாமில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பசி தெரியாதா என்ன?

1926-ல் லண்டனில் இறந்தார். அஸ்தியைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அதே நினைவுச்சின்னத்தில் வைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எல்லோருக்கும் சுதந்திரம் என்று அவர் சொன்ன பகுதிகளை வெட்டிவிட்டு, மிச்ச உரையைப் பின்னாளில் மறுபதிப்பு செய்தார்கள். நிறவெறி அரசு தன் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. போரே கூடாது என்று கத்திய பெண்ணின் பெயர், டார்பிடோ சுமக்கும் கப்பலுக்கு! அரசியல் பேசாத எமிலிதான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது போல.