மஞ்சள் சளிக்கு அசித்ரோமைசின் வேண்டாம்

"சளி மஞ்சளாகிவிட்டால் தொற்று முற்றிவிட்டது, மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் போடுங்கள், எனக்குச் சரியானது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நிறம், கிருமியோடு போராடும் நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் பச்சை நிற நொதியால் வருவது. சாதாரண வைரஸ் சளியிலும் சில நாட்களில் இப்படி மாறும். அசித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாடிக்; அது பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. சளி தானாக இறங்கும் நேரத்தில் மாத்திரை போட்டதால், நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற வைரஸ் காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் இதே அசித்ரோமைசினைப் பெயர் சொல்லியே எச்சரித்தது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுவது என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அது நிமோனியாவாக இருக்கலாம்.