‘இலவசம்தானே, அப்புறம் ஏன் வரவில்லை?’ என்பதற்கு

“வடசென்னையில் எச்ஐவி பரிசோதனை, மருந்து, ஆணுறை எல்லாமே இலவசம். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் வராதது அவர்கள் அலட்சியம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. ஸ்டான்லி மருத்துவமனையிலேயே எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையம் இருக்கிறது. இரண்டாம் பாதி அநியாயம்.

ராத்திரி வேலை முடித்து வியாசர்பாடிக்குத் திரும்பும் பெண், தூங்காமல் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் வேறு. கைப்பையில் ஆணுறை இருந்தாலே போலீஸ் பிடிக்கும் என்ற பயம் அதைவிடப் பெரிது. அதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுராத்திரி பஸ் ஸ்டாப்பில் அந்த உத்தரவை எடுத்துக்காட்டி யாரிடம் வாதாடுவது?

ஆணுறை கிழிந்துவிட்டால் எச்ஐவி தொற்றாமல் இருக்கத் தரும் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ‘எப்படி ஆச்சு?’ என்று நாலு பேர் முன்னால் ஏளனமாகக் கேட்டால் அந்த நேரம் வீணாகிவிடும்.

‘எல்லாரையும் பிடித்துக் கட்டாயமாகப் பரிசோதியுங்கள்’ என்பதும் தவறு. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது, ரகசியத்தையும் காக்கச் சொல்கிறது. விவரம் வேண்டுமானால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.