ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு

நேற்று ராத்திரி ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் கோபம் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். மேசையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினேன், கூடவே கம்ப்யூட்டரையும் தூக்கி வைத்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, உள்ளே கலர் கலராக லைட் எரிகிறது, கீபோர்டில்கூட வெளிச்சம். மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. விடிந்தால் அனுப்ப வேண்டிய வேலை மொத்தமும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் மானிட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அதே கேபிளோடு லேப்டாப்பில் சொருகினேன், பளிச்சென்று படம் வந்தது. சரி, மானிட்டரும் கேபிளும் நல்லா இருக்கின்றன.

அடுத்து பெட்டியின் பின்பக்கம். எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இருக்கிறது, ஒன்று மதர்போர்டில், இன்னொன்று திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. கார்டு போட்ட கம்ப்யூட்டரில் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். சரி, கார்டைக் கழற்றிவிட்டு போர்டிலேயே சொருகிப் பார்க்கலாம் என்றால், என் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிகிறது. இன்டெலில் அப்படி முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். ஓட்டை இருக்கும், உயிர் இருக்காது. இதை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்ட ஒருவருக்கும் தோன்றவில்லையே! இந்த ஓட்டையில் சொருகிவிட்டு கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்று எத்தனை பேர் தவித்திருப்பார்கள்.

உதவி எண்ணுக்கு போன் போட்டேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” நான்கு முறை அதே கேள்வி. பழுது பார்க்கும் இன்னொருவரைக் கூப்பிட்டேன். பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், “போர்டு போயிருக்கும் சார், மாத்திடுங்க” என்றார். எதை வைத்துச் சொன்னார்? ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை, அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ஒரு வரிக்கு பத்துக் காரணம் இருக்கலாம். கார்டுக்குப் போகும் பவர் வயர் தளர்ந்திருக்கலாம். பிராசஸருக்குத் தனியாக வரும் எட்டு பின் வயர் சரியாக உட்காராமல் இருக்கலாம். ராம் என்கிற மெமரி குச்சி ஸ்லாட்டிலிருந்து லேசாக எழும்பியிருக்கலாம். நேராக போர்டுக்குத் தாவுவது என்ன நியாயம்?

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டருக்குத் தன் கோளாறு தெரியும். பட்டனை அழுத்தியதும் அது முதலில் செய்வதே தன்னைத் தானே சோதித்துக்கொள்வதுதான், பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக. ராமிலோ கார்டிலோ தடுக்கினால் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை, திரை இன்னும் உயிர் பெறவே இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் பீப் சத்தம் வைத்தார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஸ்பீக்கர் உள்ளேயே இருந்தது. ஒரு குட்டி பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் என்றால் டிஸ்ப்ளேயில் தகராறு. கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

இன்றைக்கு? ஸ்பீக்கர் மாட்டுவதற்கான பின்கள் பெரும்பாலான போர்டுகளில் இன்னமும் இருக்கின்றன, ஸ்பீக்கரைத்தான் பெட்டியில் வைப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சில போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் மாதிரி சிஸ்டம் கிளம்பும் கட்டம்) என்று நான்கு சின்ன லைட் வைக்கிறார்கள். எதில் சிக்கலோ அந்த லைட் எரியும், அருமையான ஏற்பாடு. என் போர்டில் அது இல்லை. ராம் குச்சியின் தலையில் வானவில் மாதிரி லைட் ஓட விட முடிந்தவர்களுக்கு, ‘இங்கேதான் கோளாறு’ என்று சொல்லும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி வைக்க முடியாதா? அந்த வானவில்லும் ஒன்றையும் சொல்லாது. ராம் வேலை செய்யாவிட்டாலும் கரண்ட் வந்தால் அது எரியும்.

போன் பேசி ஒன்றும் நடக்கவில்லை என்றதும் பெட்டியைத் திறந்தேன். கார்டை எடுத்து மறுபடி அழுத்தினேன். ராமைப் பார்த்தால் ஒன்று ஒரு முனையில் மயிரிழை தூக்கி நிற்கிறது. இப்போதெல்லாம் பல போர்டுகளில் ராம் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் கிளிப். கிளிப் இல்லாத பக்கம் எழும்பினால் பார்வைக்குப் பிடிபடாது. இரண்டையும் கழற்றி, துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். போர்டின் செட்டிங்குகளைக் காப்பாற்றி வைக்கும், பட்டன் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுப் போட்டேன். எல்லாமே பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான்.

ஆன் செய்தேன். கறுப்பு. முப்பது விநாடி பார்த்தேன், அணைத்தேன். ராமை இடம் மாற்றி மறுபடி. கறுப்பு. ஒரு ராமை மட்டும் வைத்து மறுபடி. கறுப்பு. இப்படியே மணி இரண்டு.

காலையில் இரண்டு ராமையும் பழையபடி போட்டு, கடைசியாக ஒரு தடவை என்று ஆன் செய்தேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது, எழுந்து போய்ப் பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் படம்!

விஷயம் என்னவென்றால், என்னுடையது டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராம். ராமை மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, அடுத்த முறை ஆன் ஆகும்போது போர்டு அந்த ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். மெமரி ட்ரெயினிங் என்பார்கள். சில நிமிடங்கள்கூட ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ராத்திரி அது வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் நான் நடுவில் கழுத்தை நெரித்திருக்கிறேன். ராமை ஒழுங்காக உட்கார வைத்த அந்த முதல் தடவையே காத்திருந்தால் பத்தரை மணிக்குத் தூங்கப் போயிருப்பேன். போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். லைட்டுக்குக் கலர் மாற்றுவது எப்படி என்று இரண்டு பக்கம் இருக்கிறது. ‘ராம் மாற்றினால் பொறுத்திருக்கவும்’ என்று ஒரு வரி இல்லை. பவர் லைட்டையாவது மினுக்கிக் காட்டக் கூடாதா? மினுக்கினால் வேலை நடக்கிறது, நின்றால் கோளாறு. இதற்குப் புதிதாக ஒரு உதிரிப் பாகமும் வேண்டாமே.

இந்நேரம் அந்த ஆள் பேச்சைக் கேட்டு, நன்றாக இருந்த போர்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். அப்படித் தூக்கிப் போட்டவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

குட்டி ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அந்தப் பின்னில் மாட்டப் போகிறேன். அதுவரைக்கும் பெட்டியின் பக்கவாட்டில் டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘ராமைத் தொட்டால் பதினைந்து நிமிடம் அணைக்காதே’.