கை காட்டினால் நிற்கும் ரயில்

ஒஹாயோவில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், முதல் சனிக்கிழமை எங்கே போவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நயாகரா. விடியற்காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பி, மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி, நீல நிற ரெயின்கோட் போட்டுக்கொண்டு படகில் நனைந்து, ஐம்பது போட்டோ எடுத்து, நடுராத்திரியில் வீடு வந்து சேர்வார்கள். நயாகரா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்கவேண்டிய இடம்தான். என் கேள்வி அதற்கடுத்த சனிக்கிழமையைப் பற்றியது. அதற்கும் அடுத்த சனிக்கிழமையைப் பற்றியது. ஆறு மாத விசாவில் வந்தவர்களுக்கு மிச்ச ஐந்தே முக்கால் மாதமும் சீரியலும் காஸ்ட்கோ கடையும்தான்.

கிளீவ்லாந்துக்கும் ஆக்ரனுக்கும் நடுவில் கயஹோகா பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. சுமார் 33,000 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது. அதன் வழியாக, கயஹோகா ஆற்றை ஒட்டியே ஒரு பழைய ரயில் ஓடுகிறது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஒரே நாளில், ஒரே இடத்துக்கு, இரண்டு தரப்பும் முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டு போக இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி.

பெரும்பாலான சுற்றுலா ரயில்களில் நம் வேலை ஜன்னலோரம் உட்காருவது. ஏறிய இடத்தில் உட்கார்ந்து, காட்சியைப் பார்த்து, ஏறிய இடத்திலேயே இறங்குவோம். பிள்ளைகளுக்கு இருபது நிமிஷத்தில் அலுத்துவிடும். கயஹோகாவில் ஆறு, தண்டவாளம், சைக்கிள் பாதை மூன்றும் அந்தக் குறுகலான பள்ளத்தாக்குக்குள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம், கட்டணம் சில டாலர்தான். ஒரு நிலையத்தில் ஏறி, பல மைல் தள்ளி இன்னொன்றில் இறங்கி, ஆற்றங்கரையோரமாக ஓட்டிக்கொண்டே வரலாம். அல்லது முதலில் ஓட்டிவிட்டு, கால் சோர்ந்த இடத்தில் நின்று ரயிலுக்குக் கை காட்டலாம். சிறிய நிலையங்களில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால்தான் வண்டி நிற்கும்.

இதை என் மாமனாரிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "ஏம்மா, கை காட்டினா ரயில் நிக்குமா? நம்ம ஊர்ல பஸ்ஸே நிக்காதேம்மா" என்றார். அப்புறம் அந்தச் சின்ன நிலையத்தில் அவரே முன்னால் போய் நின்று, போக்குவரத்துக் காவலர் மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டி ரயிலை நிறுத்தினார். ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த வீடியோ போய்ச் சேர்ந்தது. நயாகரா போட்டோ எதுவும் போகவில்லை.

சைக்கிளோ நடையோ, வெளியே போனால் ஒரு தொல்லை உண்டு. எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தூரம் திரும்பி வந்தாகவேண்டும். அதனால் குடும்பத்தில் யாருக்குக் கால் பலம் குறைவோ, அவர்தான் எல்லாருடைய தூரத்தையும் தீர்மானிக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்காகவோ முழங்கால் வலிக்காரருக்காகவோ எல்லோரும் ஒரு மைலில் திரும்புவோம். இல்லாவிட்டால் அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று கார் நிறுத்துமிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். தமிழ் அம்மாக்கள் எத்தனை பேர் அமெரிக்க தேசியப் பூங்காக்களை இப்படிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்று யோசித்தால் கோபம்தான் வருகிறது.

திரும்பி வரும் வழியாக ரயில் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் ரயிலிலேயே வருவார்கள். சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள பெட்டியும் உண்டு. சைக்கிள்காரர்கள் பாதையில் வருவார்கள். பெனின்சுலா என்ற சின்ன ஊரில் இரண்டு கூட்டமும் சேர்ந்து சாப்பிடலாம். சில இடங்களில் பாதையும் தண்டவாளமும் அருகருகே வரும்போது ரயிலில் இருப்பவர்களுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் தெரிவார்கள். கத்தலும் கையாட்டலும் தாங்காது.

அந்தப் பாதை முழங்காலுக்கு இதமாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது சைக்கிளுக்காகப் போட்டதே இல்லை. ரயிலுக்கு முன்னால் இங்கே கால்வாய் இருந்தது. ஒஹாயோ-ஈரி கால்வாயில் ஆக்ரனிலிருந்து கிளீவ்லாந்து வரைக்குமான பகுதி 1827-இல் திறந்தது. 1832-க்குள் அது ஒஹாயோ ஆறு வரை நீண்டு, மொத்தம் 308 மைல் ஆகிவிட்டது. கரையில் கோவேறு கழுதைகள் நடந்து படகைக் கயிறு கட்டி இழுத்தன. கழுதைகள் நடந்த அந்தக் கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. கால்வாய்த் தண்ணீர் சரிவில் நிற்காது. அதனால் பாதை நெடுகச் சமதளம். உயரம் மாறும் இடங்களில் மட்டும், தண்ணீரைத் தேக்கியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கக் கல்லால் கட்டிய மதகுகள். ஆக்ரன் மேட்டிலிருந்து ஈரி ஏரிக்கு இறங்க 44 மதகுகள் தேவைப்பட்டன. இன்றைக்குப் பாழடைந்து, சுவரெல்லாம் பாசி பிடித்துப் பாதையோரம் நிற்கின்றன. என் மகள் அவற்றை எண்ணிக்கொண்டே ஓட்டினாள். பாதியில் கணக்கு விட்டுப்போய் அழுகை.

1880-இல் ரயில் வந்தது. தெற்கிலிருந்து கிளீவ்லாந்துக்கு நிலக்கரி கொண்டுபோகத்தான் அந்தப் பாதை. கால்வாய் வியாபாரத்தை அது மெல்ல மெல்லத் தின்றது. மிச்சம் இருந்ததை 1913 வெள்ளம் முடித்துவைத்தது. அப்புறம் நெடுஞ்சாலைகள் வந்து ரயிலைத் தின்றன. 1963-இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. இப்போது ஓடுவது 1970-களில் சுற்றுலாவுக்கென்று தொடங்கியது. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நடத்துகிறது. பெட்டிகள் பழைய காலத்து எஃகுப் பெட்டிகள், வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தன்னார்வலர்கள். சீருடை போட்ட ஒரு தாத்தா டிக்கெட் பார்ப்பார், கூடவே கதையும் சொல்வார்.

ஆற்றின் கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுதவே முடியாது. தீப்பிடித்து எரிந்த ஆறு இது. 1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, கீழே கிளீவ்லாந்து நகருக்குள் ஆற்றின் மேல் மிதந்த எண்ணெயும் குப்பையும் பற்றிக்கொண்டன. மேலே பாலத்தில் போன ரயிலிலிருந்து விழுந்த பொறிதான் காரணமாக இருக்கவேண்டும் என்கிறார்கள். அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். இரண்டு ரயில் பாலங்களுக்குச் சேதம், சுமார் 50,000 டாலர். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய செய்தியாகவே படவில்லை. 1868-இலிருந்து அந்த ஆறு பத்துத் தடவைக்கு மேல் எரிந்திருக்கிறது. 1952-இல் எரிந்தபோது நஷ்டம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 1969 தீயைப் பற்றி எழுதிய பிரபல வார இதழ் போட்ட படமே 1952-இல் எடுத்ததுதான். எரிந்தது போதும் என்று சொன்னவர் அப்போதைய மேயர் கார்ல் ஸ்டோக்ஸ். அமெரிக்கப் பெருநகர் ஒன்றுக்கு மேயரான முதல் கறுப்பினத்தவர். தீப்பிடித்த மறுநாள் பத்திரிகையாளர்களை ஆற்றங்கரைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். 1970-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1972-இல் தூய்மையான நீர்ச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்ததில் அந்தத் தீக்கும் ஒரு பங்கு உண்டு.

1974-இல் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். 2000-இல் அது தேசியப் பூங்கா ஆனது. இது இனிப்பான கதை மட்டும் இல்லை. பூங்காவுக்காக அரசு நிலம் வாங்கியபோது தலைமுறையாக இங்கே இருந்த பல குடும்பங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது. நாம் சைக்கிள் ஓட்டும் பாதைக்கு அவர்களும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் பீவர் சதுப்பு நிலம். பீவர் என்பது மரத்தைக் கடித்துச் சாய்த்து, தண்ணீரில் அணை கட்டும் விலங்கு. பழைய வண்டிகளின் பாகங்கள் குவிந்து கிடந்த இடம் அது. 1984-இல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காரர்கள் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்தார்கள். பூங்காக்காரர்கள் அங்கே கார் நிறுத்துமிடம் கட்டுவதாகத்தான் இருந்தார்களாம். அதற்குள் ஒஹாயோவில் நூறு வருஷத்துக்கு மேல் இல்லாமல் போயிருந்த பீவர்கள் திரும்பி வந்து, பழைய கால்வாயில் கிளைகளைப் போட்டு அணை கட்டிவிட்டன. தண்ணீர் தேங்கியது, அல்லி வந்தது, ஆமை வந்தது, நாரை வந்தது. பாதை அங்கே மரப்பலகைப் பாலமாக மாறும். பார்க்க என்ன இருக்கு, வெறும் மரம்தானே என்று கேட்கிறவர்களை நான் நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவேன். பூங்காவின் பிரபலமான பிராண்டிவைன் அருவியைப் பற்றிக் கேட்காதீர்கள். அறுபது அடி அருவி, அழகுதான். ஆனால் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்த மாமியாரிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பயந்த சுபாவம். பிரெக்ஸ்வில் அருகே இருந்த அணையை 2020-இல் இடித்த பிறகு பூங்காவுக்குள் ஆறு தடையில்லாமல் ஓடுகிறது. கயாக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நீச்சலும் துடுப்பும் தெரிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி ஆற்றில் கலப்பது இன்னும் முழுமையாக நிற்கவில்லை. விழுந்த மரங்களும் தண்ணீருக்கடியில் கிடக்கும். 2019-இல், தீப்பிடித்து ஐம்பது வருஷம் கழித்து, இந்த ஆற்று மீனைச் சாப்பிடலாம் என்று அறிவித்தார்கள். பெரிய விஷயம். அதற்காகப் பிள்ளையை அதில் முங்கவிட வேண்டுமா என்ன?

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளாக ஆறு வடக்குப் பக்கத்தில் கரையை அரித்துத் தண்டவாளத்தை நெருங்கிவிட்டது. அதனால் ரயில் முன்போல முழுத் தூரமும் ஓடுவதில்லை. கரையைக் கட்டப் பணம் வேண்டும். டிக்கெட் வசூலை நம்பும் அமைப்புக்கு எது பணம் தரும்? இரவு உணவு ரயில், பீர் சுவைக்கும் ரயில், கிறிஸ்துமஸ் ரயில். அதில் தப்பில்லை, வண்டி ஓடவேண்டுமே. ஆனால் சில டாலர் கொடுத்துச் சைக்கிளோடு ஏறுகிறவர்களின் ரயில்தான் இந்த இடத்துக்கு உயிர். விருந்து நடத்த ஊரில் ஆயிரம் கூடம் இருக்கிறது. கை காட்டினால் நிற்கும் ரயில் வேறு எங்கே இருக்கிறது? நாம் போய் ஏறினால்தான் அதற்கு ஆள் இருக்கிறது என்று கணக்கில் வரும்.

1978-இலிருந்து கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஒவ்வொரு ஈஸ்டர் சமயமும் சென்னையே பெட்டி படுக்கையோடு இங்கே வந்து இறங்குகிறது. போட்டிகளில் பாட வந்த பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த பாட்டிகள், பக்கவாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் கச்சேரிக்கு லீவு விட்டு வேன் பிடித்து நயாகரா போகிறார்கள். பெனின்சுலா அங்கிருந்து அரை மணி நேரம்தான். அந்தச் சமயத்தில் மரங்கள் மொட்டையாக இருக்கும், உண்மைதான். ஆனால் இலை இல்லாததால் ரயிலிலிருந்து ஆறு நன்றாகத் தெரியும். பசுமை வேண்டுமென்றால் மே, ஜூன். நிறம் வேண்டுமென்றால் அக்டோபர் நடுவில். அப்போது மட்டும் கூட்டம் அள்ளும்.

எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது, சைக்கிள் ஏற்றும் நாட்கள் எவை என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. கிளம்புவதற்கு முன் ரயிலை நடத்தும் அமைப்பின் அட்டவணையைப் பாருங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் சைக்கிளிலேயேதான் திரும்பவேண்டும். பிள்ளைகள் சந்தோஷமாகச் சரி என்பார்கள், நம் முழங்கால் என்ன சொல்லும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.