சன்ரைஸும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும்: ஒரு சின்ன திருத்தம்

சன்ரைஸ், சன்செட் எடுக்கும்போது கேமராவோட ஒயிட் பேலன்ஸ (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலர சரி பண்ற செட்டிங்) ஆட்டோல விட்டாதான் கண்ணுல பாத்த கலர் அப்படியே வரும்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, நிறைய பேர் ஷேரும் பண்றீங்க. தப்பா எடுத்துக்காதீங்க நண்பா, பெரும்பாலும் நடக்கிறது நேர் எதிர். வெளிச்சத்துல இருக்கிற கலர் சாயத்த கழிச்சு வெள்ளைய வெள்ளையா காட்டுறதுதான் ஆட்டோவோட வேலையே, அதுக்கு காலை நேரத்து ஆரஞ்சும் ஒரு கோளாறாதான் தெரியும், நீலத்த கூட்டி வெளுக்க வச்சிடும். அதையே டேலைட்ல (பகல் வெளிச்சத்துக்கான மாறாத செட்டிங்), அதாவது சுமார் 5200லேர்ந்து 5500 கெல்வின்ல (வெளிச்சத்தோட கலர சொல்ற அளவு) வச்சா ஆரஞ்சு ஆரஞ்சாவே நிக்கும்.

என்ன நம்ப வேணாம், நீங்களே பாத்துக்கலாம். கன்னியாகுமரி போனா வள்ளுவர் சிலைக்கு பின்னாடி வானம் செவக்கிற நேரம் ட்ரைபாட்ல வச்சு, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓன்னு வெளிச்ச அளவ மாத்துற எதையும் தொடாம, ஆட்டோல ஒண்ணு டேலைட்ல ஒண்ணு அடுத்தடுத்து தட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ரா ஃபைல் (கேமரா பதிவு பண்ணத அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) இருந்தா வீட்ட விட்டு கிளம்பவே வேணாம், ஆட்டோல எடுத்த பழைய படத்தையே லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறந்து டேலைட்டுக்கு மாத்துங்க, தெரிஞ்சிடும். சில புது மாடல்ல ஆட்டோவே கொஞ்சம் ஆரஞ்சு சாயத்த விட்டு வைக்கும், அதுல வித்தியாசம் கம்மியா இருக்கலாம். ஜேபெக் (கேமராவே கலர முடிவு பண்ணி சுருக்கி வைக்கிற ஃபைல்) மட்டும் எடுக்கிறவங்கதான் ரொம்ப பாக்கணும், போன கலர பின்னாடி கொண்டு வர்றது கஷ்டம்.