டெக்சாஸில் முன்னாள் படைவீரர்களுக்கு ஆயுள் உரிமம் இலவசமா?

“ராணுவத்தில் ஒரு நாள் இருந்திருந்தால் போதும், டெக்சாஸில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஆயுள் உரிமம் இலவசம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இரண்டு வெவ்வேறு உரிமங்களைக் கலந்து ஒன்றாக்கிவிட்டார்கள்.

இலவசமாகக் கிடைப்பது, வேட்டை, மீன்பிடி இரண்டுக்குமான ‘சூப்பர் காம்போ’ என்ற ஆண்டு உரிமம். ஆகஸ்ட் 31 வந்தால் காலாவதி. அதுவும், பணியில் இருக்கும் டெக்சாஸ்வாசி படைவீரர்களுக்கும், தகுதிபெற்ற மாற்றுத்திறனாளி முன்னாள் வீரர்களுக்கும்தான். பணிக்காலத்தால் ஏற்பட்ட குறைபாடு 50 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது கால் செயலிழந்திருக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் ஓய்வுபெற்றவருக்கு இது பொருந்தாது.

ஆயுள் உரிமம் காசு கொடுத்து வாங்குவது. வேட்டை, மீன்பிடி இரண்டும் சேர்ந்தது 1,800 டாலர். தனித்தனியாக என்றால் ஒவ்வொன்றும் 1,000. மாநிலவாசிகளுக்கு மட்டுமே விற்பனை. சில ஆண்டுகள் வேட்டைக்குப் போய்விட்டு நிறுத்திவிடுபவருக்கு, என் கணக்கில், இது லாபமில்லை.

ஆயுள் உரிமம் இருந்தாலும் மான் வேட்டைக்கான டேக்குகளை (சுட்ட மானில் கட்டும் அடையாளச் சீட்டுகளை) ஆண்டுதோறும் புதிதாகப் பெற வேண்டும். வாத்து சுட, 16 வயது நிரம்பிய எவரும் கூட்டாட்சி அரசின் 25 டாலர் ஸ்டாம்பையும் (வாத்து வேட்டைக்கான அனுமதி வில்லை) வாங்கியாக வேண்டும். 1934 முதல் இருக்கும் ஏற்பாடு அது. படைவீரர் என்பதால் அதில் விலக்கு இல்லை.